திருப்பிக் கொடுத்த கடன்: தரம் 4 கழித்தலில் ஒரு நிகழ்வு ஆய்வு

52 இலிருந்து 28 ஐக் கழித்து 34 என்று என் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டேன். பக்கத்தின் அடியில் ‘கவனம் போதாது’ என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். அந்தக் கணக்கில் அவன் என்னைவிடக் கவனமாக இருந்தான் என்பது எனக்கு விளங்க மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையையும் அதற்குப் பின் வந்த ஒரு தவணையையும் இங்கே எழுதுகிறேன். தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதத் தொடங்கினேன். பிள்ளையின் பெயர், ஊர், பாடசாலை எதுவும் இதில் வராது. அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். வகுப்பிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பிள்ளையும் இடமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலை. நான் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் போய் வருகிறேன். 2014 இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். எங்கள் மூத்த ஆசிரியர்கள் அந்தக் காலத்துக் காலைகளை இன்னும் சொல்வார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் வயல் வேலை, மீதிப் பேரின் வீட்டில் வாவித் தொழில்.

தம்பியின் தகப்பன் தோணியில் போய் இறாலும் நண்டும் பிடிக்கிறவர். தாய் கோழி வளர்க்கிறார். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மற்றப் பெண்களோடு ஒரு வளவில் கூடிக் கிழமை லோன் கட்டுவார். கடைக்கு ஓடுவது தம்பியின் வேலை. சீனி, மா, தேயிலை வாங்கினால் கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதுவார். வீட்டில் காசு வந்ததும் தம்பியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த வரியை அவர் வெட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தொடக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கணக்குப் பாடம் என்றால் இடது கையை வளைத்துக் கொப்பியை மூடிக்கொண்டு எழுதும் ஒரு பிள்ளை.

ஆறு புள்ளடி

இரண்டாம் தவணையின் தொடக்கத்தில் பத்துக் கழித்தல் கணக்குக் கொடுத்தேன். நாலு கணக்கு 68 − 25 போல நேரே கழிக்கக்கூடியவை. ஆறு கணக்குக்குப் பத்தினிடத்தில் கடன் வாங்கவேண்டும். தம்பிக்கு முதல் நாலும் சரி, மற்ற ஆறும் பிழை. 52 − 28 க்கு 34. 71 − 36 க்கு 45. 83 − 47 க்கு 46. நான் விடைகளை மட்டும் பார்த்தேன், ஆறு புள்ளடி போட்டேன், 4/10 என்று எழுதினேன்.

அந்த ஆறு கணக்கிலும் பத்தினிடத்து இலக்கத்துக்கு மேலே தாள் மங்கியிருந்தது. அழிறப்பரால் எதையோ அழித்த தடம். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதி, பிறகு மாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். தடயம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் இன்னொருமுறை செய்துகாட்டினேன். இந்த முறை சத்தமாக, மெதுவாக. வீட்டுக்கு இருபது கணக்குக் கொடுத்தேன். அவன் இருபதையும் அதே விதமாகச் செய்துகொண்டு வந்தான். அதற்குப் பிறகு செய்யவில்லை. ஒரு நாள் கொப்பி மறந்துவிட்டது, ஒரு நாள் பென்சில் முறிந்துவிட்டது, ஒரு நாள் கணக்குப் பாடத்துக்கு முன்னால் வயிற்று வலி. ஒரு வியாழக்கிழமை கேள்விகளை அழகாகப் பார்த்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் அடிமட்டம் வைத்துக் கோடும் கீறி, விடைக்குரிய இடத்தையெல்லாம் வெறுமையாக விட்டுத் தந்தான். வெறும் இடத்துக்குப் புள்ளடி விழாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது நான்.

கேட்ட நாள்

இடைவேளை நேரம். வகுப்பில் நானும் அவனும் மட்டும். சிவப்புப் பேனையை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் சின்னக் கதிரையில் இருந்தேன். “தம்பி, நான் இதைப் பிழை எண்டு சொல்ல வரல்ல. நீ எப்படிச் செய்தனீ எண்டு எனக்கு விளங்கல்ல. சொல்லித்தாறியா?” என்று கேட்டேன். கனநேரம் பேசவில்லை. பிறகு விரலால் 2 ஐத் தொட்டான்.

“இந்த ரெண்டுல எட்டுப் போகாது. அதால அஞ்சிட்டக் கடன் வாங்கினன்.”

“மறுகா?”

“அஞ்ச வெட்டி நாலு போட்டன். பன்னிரண்டுல எட்டுப் போனா நாலு.”

“சரி. மறுகா?”

“வேலை முடிஞ்சிதுதானே ரீச்சர். கடனத் திருப்பிக் குடுத்திட்டன்.”

வெட்டிப் போட்ட நாலை அழித்து, திரும்ப ஐந்தாக்கியிருக்கிறான். ஐந்தில் இரண்டு போக மூன்று. விடை 34. அழிறப்பர்த் தடம் அதுதான்.

“எல்லாக் கணக்கிலயும் குடுத்தனியா?”

“ஓம். குடுக்காட்டி அது கடனாத்தானே இருக்கும்?”

நான் கடன் என்றேன். அவன் கடனைக் கடனாக எடுத்துக்கொண்டான். அவன் வீட்டில் கடன் என்பது கட்டாயம் திரும்பிப் போகவேண்டிய ஒன்று. அதைக் கட்டுவதற்காகத் தாய் படும் பாட்டை அவன் செவ்வாய்க்கிழமைதோறும் பார்க்கிறான். கணக்கில் ஐந்திடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவது அவனுக்கு நேர்மையீனமாகப் பட்டிருக்கிறது. அந்த நேர்மைக்குத்தான் நான் ஆறு புள்ளடி போட்டேன்.

என் ஊகம் சரியா என்று பார்க்கவேண்டியிருந்தது. ஒரு பிள்ளை சொல்வது சிலவேளை எங்களைத் திருப்திப்படுத்த அந்த நேரம் கட்டியதாக இருக்கலாம். அடுத்த நாள் ஐந்து புதுக் கணக்கு எழுதினேன். அவன் என்ன விடை எழுதுவான் என்பதை முன்கூட்டியே வேறு தாளில் குறித்து மடித்து வைத்தேன். 81 − 46 க்கு 45, 63 − 29 க்கு 44, 50 − 17 க்கு 43, 342 − 128 க்கு 224. கடன் தேவைப்படாத 75 − 32 க்குச் சரியான விடை, 43. ஐந்தும் அப்படியே வந்தன. பிழையான விடை ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்துக் கூடுதல். கவனமில்லாத பிள்ளை இப்படி ஒழுங்காகப் பிழைவிட முடியாது.

இதைப் பற்றி முன்னமே ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இருவர் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பெரும் பங்கு தற்செயலானது அல்ல என்று காட்டினார்கள். பிள்ளையிடம் ஒரு முறை இருக்கிறது; அந்த முறையில் ஒரு படி மட்டும் கோணலாக இருக்கிறது; அந்தப் படியைக் கண்டுபிடித்தால் அடுத்த பிழையான விடையை முன்கூட்டியே சொல்லலாம். கடன் வாங்கிவிட்டுப் பத்தினிடத்தைக் குறைக்காமல் விடுவது அவர்கள் எடுத்துக்காட்டிய வகைகளில் ஒன்று. தம்பி எந்தக் காரணத்தால் அதைச் செய்தான் என்பது மட்டும் எந்த ஆய்விலும் கிடைக்காது. அது அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

காசு மாத்துதல்

எண்சட்டம் இருந்தது. நான் காசை எடுத்தேன், அவனுக்குப் பழக்கமானது அதுதான். பத்து ரூபாய்க் குற்றிகள் ஐந்தும் ஒரு ரூபாய்க் குற்றிகள் இரண்டும் அவன் கையில். இன்னொரு பிள்ளை கடைக்காரர்; அவளிடம் ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய். தம்பி எனக்கு 28 ரூபாய் தரவேண்டும்.

இரண்டு பத்தை உடனே தந்தான். எட்டு ரூபாய்க்கு நின்றான். பிறகு கடைக்குப் போய் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்கிவந்து, எட்டை எண்ணித் தந்தான். கையில் இரண்டு பத்தும் நாலு ஒன்றும் மிச்சம்.

“எவ்வளவு மிச்சம்?”

“இருபத்திநாலு.”

“கொப்பில?”

கொப்பியைப் பார்த்தான், 34. கையைப் பார்த்தான். கடைக்காரப் பிள்ளையின் டப்பாவைப் பார்த்தான். “ரீச்சர், அந்தப் பத்து அவட்டத்தானே இருக்கு,” என்றான். சற்றுப் பொறுத்து, “இது கடன் இல்ல. மாத்தினது,” என்றான்.

அந்த வார்த்தை அவனுடையது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ இல்லை, ‘மாத்திக் கழித்தல்’தான். ஒரு பத்து எங்கும் போகவில்லை, பத்து ஒன்றுகளாக உருமாறி அதே கையில் இருக்கிறது. மாத்துதல் என்ற சொல் அதை அப்படியே சொல்கிறது. கடன் என்ற சொல்லோடு எத்தனையோ தலைமுறை கழித்தல் படித்து வந்திருக்கிறது, நானும் அதில்தான் படித்தேன். ஆனாலும் அந்தச் சொல் 5, 2 என்ற இரண்டு இலக்கங்களைக் கொடுப்பவராகவும் வாங்குபவராகவும் பிரித்துவிடுகிறது. 52 என்பது ஒரே தொகை என்பது அதில் மறைந்துபோகிறது. தேடிப் பார்த்தபோது இன்னும் இரண்டு பிள்ளைகளின் கொப்பிகளில் அதே பத்துக் கூடுதல் இருந்தது. அவர்கள் அழிறப்பரால் சுத்தமாக அழித்திருந்ததால் நான் கண்டதேயில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தம்பியை மாற்றியது ‘பிழை விடலாம் மகன், பரவாயில்ல’ என்ற ஆறுதல் அல்ல. அந்த ஆறுதலை முதல் கிழமையே சொல்லிப் பார்த்தேன், அவன் முகம் அசையவில்லை. பிழைக்குள் ஒரு காரணம் இருக்கிறது, அதை ரீச்சர் கேட்கிறார், கேட்டு விளங்கிக்கொள்கிறார் என்று கண்ட பிறகுதான் அவன் வளைத்த கையை எடுத்தான். மனப்பாங்கை மாற்றும் பயிற்சிகள் மட்டும் பிள்ளைகளின் அடைவை எவ்வளவு உயர்த்துகின்றன என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018 இல் பார்த்தார்கள். சராசரி விளைவு சிறிதாகவே இருந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை. சுவரில் ‘பிழைகள் நண்பர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, கொப்பியில் காரணம் கேளாமல் புள்ளடி போட்டால் பிள்ளை எதை நம்பும்?

பலகையில் நான் விட்ட பிழை

தம்பியோடு நடந்ததை முழு வகுப்புக்கும் கொண்டுபோக அவசரப்பட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு பிழையான கணக்கைக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டி, ‘இன்றைய பிழை’ என்று தலைப்புப் போட்டேன். பெயரை வெட்டித்தான் ஒட்டினேன். ஆனால் தரம் 4 பிள்ளைகளுக்கு ஒருவர் எழுத்து மற்றவருக்கு மனப்பாடம். மூன்றாம் நாளே “ஆற்ற எழுத்து எண்டு தெரியும்!” என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. சிரிக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். சட்டம் போட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு கிழமை நிறுத்திவிட்டு வேறு விதமாகத் தொடங்கினேன். பிழைகளை என் எழுத்திலேயே எழுதினேன், இலக்கங்களை மாற்றினேன். முதல் கேள்வி எப்போதும் ‘எங்க பிழை?’ என்று இருக்காது; ‘இவர் என்னத்த யோசிச்சிருப்பார்?’ என்று இருக்கும். இந்த ஒரு மாற்றம் செய்த வேலை பெரிது. 205 ஐ 3 ஆல் பெருக்கி 65 என்று எழுதினால், பூச்சியத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்து அந்த இடத்தையே விட்டுவிட்டார் என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவனுக்கு வந்த பெருமை, சிரிப்பவனுக்குக் கிடைக்கிற பெருமையைவிடப் பெரிதாக இருந்தது.

இன்னொரு தொல்லையும் வந்தது. நான் எல்லாவற்றையும் ‘நல்ல பிழை’ என்று புகழத் தொடங்கினேன். இரண்டு பேர் பலகைக்கு வரவேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று பிழைவிட்டார்கள். அதிலிருந்து பிரித்துப் பேசப் பழகினேன்: கை தவறி 6 ஐ 9 ஆக எழுதுவது ஒன்று, பெருக்கல் வாய்ப்பாடு பாடமில்லாமல் தடுமாறுவது இன்னொன்று, விளக்கம் கோணியிருப்பது வேறு. முதலாவதுக்குத் திரும்பப் பார்த்தால் போதும். இரண்டாவதுக்கு வாய்ப்பாடு பாடமாகவேண்டும், அதில் சலுகை இல்லை. மூன்றாவதுதான் உட்கார்ந்து பேசவேண்டியது.

கெட்டிக்காரிப் பிள்ளை

பலகையால் அதிகம் கலங்கியது தம்பி அல்ல, வகுப்பில் முதலாவதாக வரும் ஒரு பிள்ளை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறவள். எல்லோரும் அவளைக் ‘கெட்டிக்காரி’ என்றே கூப்பிடுவார்கள், நானும் கூப்பிட்டேன். தன் 9/10 ஐக் கண்டு அழுதாள். புதுவகைக் கணக்கு என்றால், “ரீச்சர், பழைய மாதிரிக் கணக்கே தாங்க” என்பாள்.

குளோடியா மியூலர், கெரல் டுவெக் இருவரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இவளைப் பார்த்துத்தான் விளங்கியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வடிவப் புதிர்களைச் செய்யவைத்து, சிலரைக் கெட்டிக்காரத்தனத்துக்காகவும் சிலரை முயற்சிக்காகவும் புகழ்ந்தார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமானது கொடுத்தார்கள். கெட்டிக்காரர் என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்து வந்த எளிதானதிலும் முன்னையதைவிடக் குறைவாகச் செய்தார்கள். சிலர் தங்கள் புள்ளியைக் கூட்டிச் சொன்னார்கள்.

நான் அவளுக்கு இராமானுஜனைப் பற்றிச் சொன்னேன். சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபடி 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் அற்புதமான சூத்திரங்கள் இருந்தன. முதன்மை எண்கள் எத்தனை என்று எண்ணுவதைப் பற்றி எழுதியது பிழை. ஹார்டி பிழையைக் கண்டும் கடிதத்தை எறியவில்லை, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். “அப்ப அவர் அதுக்குப் புள்ளடி போடல்லையா?” என்று கேட்டாள். எங்கே பிழை என்று எழுதி அனுப்பினார், ஆதாரம் காட்டும்படி கேட்டார் என்றேன். யோசித்துக்கொண்டே போனாள். அழுகை முற்றாக நின்றுவிடவில்லை. அதற்கு இன்னும் காலம் வேண்டும், வீட்டின் துணையும் வேண்டும்.

தாய் கேட்ட கேள்வி

சிவப்புப் புள்ளடியை நிறுத்தி, பிழையான கணக்கின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதத் தொடங்கினேன்: ‘இந்தப் பத்து எங்கே போனது?’, ‘கூட்டிச் சரிபார்த்தாயா?’ என்று. இரண்டாம் கிழமை தம்பியின் தாய் பாடசாலைக்கு வந்தார்.

“ரீச்சர், குறை நினைக்காதீங்க. சிவப்பால திருத்தாட்டி எது பிழை எண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அஞ்சாம் வகுப்போட நிண்ட ஆள். புள்ளடிய எண்ணித்தான் இவன் படிக்கிறானா எண்டு பாப்பன்.”

“எண்ணிப்போட்டு என்ன செய்வீங்க அக்கா?”

அவர் கீழே பார்த்தார். “அடிப்பன்.”

அந்த உண்மைக்கு நான் கடமைப்பட்டவள். அவர் கேட்டது நியாயம். புள்ளடி அவருக்கும் பாடசாலைக்கும் நடுவில் இருந்த ஒரே மொழி. அதை நான் கேட்காமல் எடுத்துவிட்டேன். அவரை உட்காரவைத்து, காசுக் குற்றிகளை எடுத்து, மகன் செய்ததைச் செய்துகாட்டினேன். கடனைத் திருப்பிக் கொடுத்த இடத்துக்கு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கணக்கை அவரே செய்தார். எனக்கு முன்னால் செய்து முடித்தார். பல கிழமை லோனுக்கும் வட்டிக்கும் மிச்சம் பார்க்கிற மனிதர், தனக்குக் கணக்குத் தெரியாது என்று இத்தனை வருடமாக நம்பியிருக்கிறார்.

இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். விடையைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதற்கு வீட்டில் அவர் பொறுப்பு: 34 ஓடு 28 ஐக் கூட்டினால் 52 வருகிறதா? வராவிட்டால் அடிக்கக்கூடாது, “எப்படிச் செய்தனீ, சொல்லு” என்று கேட்கவேண்டும். ஒரு நாள் மறந்து கை ஓங்கியதாகவும், மகன் “கேக்கணும் எண்டுதானே ரீச்சர் சொன்னது” என்று நினைவுபடுத்தியதாகவும் பிறகு அவரே சொன்னார்.

மூன்றாம் தவணை

மாரி மழை தொடங்கியிருந்தது. சில நாள் பாதி வகுப்புத்தான் வந்தது. பூச்சியம் உள்ள மூன்றிலக்கக் கழித்தலுக்கு வந்திருந்தோம். தரம் 4 இல் பிள்ளைகளை அதிகம் வீழ்த்துவது இதுதான். 402 − 157 இல் ஒன்றினிடத்துக்கு மாற்றப் பத்தினிடத்தில் ஒன்றுமில்லை. முதலில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதிலிருந்து ஒரு பத்தைத் திரும்பவும் மாற்றவேண்டும். இரண்டாம் மாற்றத்துக்குப் பிறகு பத்தினிடத்தில் ஒன்பதுதான் இருக்கும். அதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

தம்பி 255 என்று எழுதியிருந்தான். சரியான விடை 245. நான் வரிசைக்குள் வருமுன் அவன் ஓரத்தில் 255 ஐயும் 157 ஐயும் கூட்டிப் பார்த்திருந்தான். 412. அதற்குக் கீழே பென்சிலால் ‘பத்து கூட’ என்று எழுதியிருந்தான். அழிக்கவில்லை.

நான் குனிந்தேன். அவன் இடது கையை வளைத்துக் கொப்பியை மூடினான்.

“பாக்காதீங்க ரீச்சர். அந்தப் பத்து எங்க நிக்குது எண்டு நான் தேடுறன்.”

அடுத்த வரிசைக்குப் போனேன்.